லேசர் அயனியாக்க நிறை நிறமாலைமானி: வெடிபொருள் ஆய்வுக்கு வாங்க எண்ணுவோருக்கு ஒரு பயனர் மதிப்புரை

எங்கள் பகுப்பாய்வு வேதியியல் ஆய்வகத்துக்கு வெடிபொருள் தடயங்களைக் கண்டறிவதற்கென்று லேசர் அயனியாக்க நிறை நிறமாலைமானி ஒன்று வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மூலக்கூறுகளை லேசர் ஒளியால் மின்னேற்றமுள்ள அயனிகளாக்கி, அவற்றின் நிறையை அளந்து அவை எவை என்று சொல்லும் கருவி இது. பெட்டியிலிருந்து இறக்கிய நாள் முதல் அதை இயக்கிவருபவன் என்ற முறையில், இதே வகைக் கருவியை வாங்க எண்ணும் பல்கலைக்கழகங்களுக்கும் தடய அறிவியல் கூடங்களுக்கும் பயன்படட்டும் என்று இந்த மதிப்புரையை எழுதுகிறேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். நான் சொல்லப்போகும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை 118 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியைக் கொண்டு இயங்கும் இந்த வகைக் கருவிகள் அனைத்துக்கும் பொதுவானவை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதன் லேசர் மிக நன்றாக வேலை செய்கிறது, ஆனால் கருவி உங்களுக்குப் பயன்படுமா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது, மாதிரியின் ஆவியை அந்த லேசரிடம் கொண்டு சேர்க்கும் நுழைகுழாய்தான். நாங்கள் வாங்கியபோது தொழில்நுட்பக் குறிப்பேட்டில் லேசருக்கு நான்கு பக்கங்களும் நுழைகுழாய்க்கு நான்கு வரிகளும் இருந்தன. அந்த விகிதத்தை நான் அன்றே கவனித்திருந்தால் முதல் ஓராண்டின் பெரும்பகுதி வீணாகியிருக்காது.

இந்த முறையை ஏன் நாடினோம் என்பதிலிருந்து தொடங்குகிறேன். வழக்கமான நிறை நிறமாலைமானியில் 70 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான் கற்றை மூலக்கூறுகளைத் தாக்கி அயனிகளாக்குகிறது. நைட்ரோ தொகுதிகளைச் சுமந்து நிற்கும் வெடிபொருள் மூலக்கூறுகளுக்கு இது மிகையான அடி. அவை முழு உருவத்தோடு பிழைப்பது அரிது. டிஎன்டி-யின் மூலக்கூறு நிறை 227. ஆனால் எலக்ட்ரான் தாக்குதலில் மெத்தில் தொகுதியின் ஹைட்ரஜன் ஒன்று அருகிலுள்ள நைட்ரோ தொகுதியின் ஆக்சிஜனோடு சேர்ந்து வெளியேறிவிடுவதால், 227 இருக்கவேண்டிய இடம் ஏறத்தாழ வெறுமையாகவும் 210 ஓங்கியும் தெரிகின்றன. சிதைந்த துணுக்குகளை வைத்து மூல மூலக்கூறை ஊகிப்பதைவிட, மூலக்கூறையே முழுதாகப் பார்ப்பது நம்பிக்கை தரும். 118.2 நானோமீட்டர் ஒளியின் ஒரு ஃபோட்டான், அதாவது ஒளியின் ஒரு துகள், 10.49 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலைத் தருகிறது. பெரும்பாலான கரிமச் சேர்மங்களிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரிக்க இது சற்றே மிஞ்சிய அளவு. மிச்சமிருக்கும் ஆற்றல் சிறிது என்பதால் மூலக்கூறு உடையாமல் நிற்கிறது. அதே நேரத்தில் நைட்ரஜனுக்கு 15.6, ஆக்சிஜனுக்கு 12.1, நீராவிக்கு 12.6, கார்பன் டைஆக்சைடுக்கு 13.8 எலக்ட்ரான் வோல்ட் தேவைப்படுவதால், காற்றின் முதன்மை வாயுக்கள் எவையும் இந்த ஒளிக்கு அயனியாவதில்லை. காற்றை உறிஞ்சி அப்படியே அளந்தாலும் காற்று கண்ணில் படாது என்பதுதான் இதன் பெரிய கவர்ச்சி, அந்த வாக்குறுதியைக் கருவி முழுமையாகக் காப்பாற்றுகிறது.

ஒளி உருவாகும் விதம் அழகானது, பராமரிப்பவருக்குத் தெரிந்திருக்கவேண்டியதும்கூட. நியோடிமியம் யாக் லேசரின் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி படிகங்களின் வழியே சென்று மூன்றில் ஒரு பங்கு அலைநீளமான 355 ஆகிறது. அந்தப் புற ஊதா ஒளியைச் செனான் நிரப்பிய ஒரு சிறு கலத்துக்குள் குவித்தால், அது மீண்டும் மூன்றில் ஒன்றாகக் குறைந்து 118 ஆகிறது. இரண்டு ஒளியலைகளும் கட்டம் பிசகாமல் சேர்ந்து பயணிப்பதற்காகச் செனானுடன் ஆர்கானைக் கலக்கிறார்கள். மாறுவது உள்ளே சென்ற ஒளியின் மிகமிகச் சிறிய பங்குதான், எனினும் அதுவே போதுமானது. குவார்ட்ஸ் இந்த அலைநீளத்தைக் கடத்தாது என்பதால் சாளரமும் வில்லையும் மெக்னீசியம் ஃபுளோரைடு அல்லது லித்தியம் ஃபுளோரைடால் ஆனவை. மாறாமல் எஞ்சிய 355 ஒளியும் 118 ஒளியும் அந்த வில்லையில் வெவ்வேறு அளவுக்கு வளைவதைப் பயன்படுத்தி, 118-ஐ மட்டும் அயனியாக்கப் பகுதியில் குவித்து 355-ஐ விரித்து விட்டுவிடுகிறார்கள். இந்தச் சீரமைப்பு ஒரு மயிரிழை பிசகினாலும் 355 ஒளி அயனியாக்கப் பகுதிக்குள் கசிந்து, பல ஃபோட்டான்கள் ஒரே மூலக்கூறைத் தாக்கிச் சிதைக்கத் தொடங்குகின்றன. அப்போது நிறமாலை முழுதும் துணுக்குகள் நிறைந்து, எலக்ட்ரான் கற்றைக் கருவியைவிட மோசமாகத் தெரியும். எங்கள் கருவியில் கோடைகாலத்தில் அறை வெப்பம் ஏறும்போதெல்லாம் இது நிகழ்ந்தது. குளிரூட்டியைச் சரிசெய்து, ஒளியியல் மேசையை நேரடிக் காற்று வீச்சிலிருந்து மறைத்த பிறகு நின்றது.

அயனிகளை நிறைவாரியாகப் பிரிப்பது பறப்பு நேர முறை: எடை குறைந்த அயனி குழாயை முந்திக் கடக்கும், கனமானது பிந்தும். 1955-இல் வைலியும் மெக்லாரனும் வகுத்த வடிவமே இன்றும் அடித்தளம். 3000 வோல்ட்டில் முடுக்கப்பட்ட 227 நிறையுள்ள அயனி ஒரு மீட்டர் குழாயை ஏறத்தாழ 20 மைக்ரோநொடியில் கடக்கிறது. 18 நிறையுள்ளது 6 மைக்ரோநொடிக்குள் வந்துவிடுகிறது. லேசரின் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு முழு நிறமாலை கிடைக்கிறது என்பதும், துடிப்பே கடிகாரத்தின் தொடக்கமாக அமைகிறது என்பதும் இந்த இணையை இயல்பான பொருத்தமாக்குகின்றன. இந்தப் பகுதியில் இரண்டு ஆண்டுகளில் ஒரு பழுதுகூட வரவில்லை.

இனி, எவற்றை நன்றாகக் கண்டுபிடிக்கிறது என்று பார்ப்போம். முதலிடம் மோனோநைட்ரோடொலுயீனுக்கு. 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி நகருக்கு மேலே பான் ஆம் 103 விமானம் வெடித்து 270 பேர் இறந்தார்கள். பயன்பட்டது செம்டெக்ஸ் வகை நெகிழி வெடிபொருள். அவ்வகைப் பொருள்களின் ஆவி மிகக் குறைவு என்பதால் அவற்றை மோப்பத்தில் பிடிப்பது கடினம். அதனால் 1991-இல் மான்ட்ரியலில் கையெழுத்தான உடன்படிக்கை, நெகிழி வெடிபொருள்களில் எளிதில் ஆவியாகும் அடையாளப் பொருளொன்றைத் தயாரிப்பின்போதே கலக்கவேண்டும் என்று விதித்தது. அனுமதிக்கப்பட்ட அடையாளப் பொருள்களில் மோனோநைட்ரோடொலுயீன் ஒன்று. பென்சீன் வளையம் கொண்ட இந்த மூலக்கூறு 10.49 எலக்ட்ரான் வோல்ட் ஒளிக்கு எளிதில் இசைகிறது. 137-ஆம் நிறையில் ஊசி போல் ஒற்றைக் கோடு நிற்கிறது, சுற்றிலும் துணுக்குகள் ஏறத்தாழ இல்லை. அறை வெப்பநிலையிலேயே இதன் ஆவி தாராளமாக வெளிவரும் என்பதால் நுழைகுழாயும் இதற்குத் தடையாக இருப்பதில்லை. அடையாளப் பொருள் கலந்த மாதிரிகளை இந்த அளவு தெளிவாகக் காட்டிய வேறு கருவியை நான் இயக்கியதில்லை.

டைநைட்ரோடொலுயீனும் அவ்வாறே 182-இல் நன்றாகத் தெரிகிறது. இதன் முக்கியத்துவத்தைப் புதியவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். இராணுவத் தரமான டிஎன்டி-யில் இது மாசாகக் கலந்திருக்கிறது. அளவில் சிறிதானாலும் ஆவியாகும் திறன் பல மடங்கு மிகுதி என்பதால், டிஎன்டி கட்டியின் மேலே மிதக்கும் ஆவியில் டிஎன்டி-யைவிட இதுவே முந்திக்கொள்கிறது. கண்ணிவெடி தேடும் நாய்கள் பெரிதும் பிடித்துக்கொள்வது இத்தகைய துணைப் பொருள்களின் மணத்தையே என்று ஆய்வாளர்கள் கருதுவது இதனால்தான். டிஎன்டி-யைப் பொறுத்தவரை அதன் அயனியாக்க ஆற்றல் ஃபோட்டானின் ஆற்றலுக்கு ஏறத்தாழச் சமமாக நிற்பதால் குறி மெலிந்து வருகிறது. பலநூறு துடிப்புகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால் 227 ஐயமின்றித் தெரியும். ஆனால் அவசர வேலைக்கு அந்தப் பொறுமை இருக்காது.

நைட்ரேட் எஸ்டர்களுக்கும் ஆர்டிஎக்ஸுக்கும் வரும்போது என் பாராட்டு முடிந்துவிடுகிறது. பிஇடிஎன், நைட்ரோகிளிசரின் (இவ்விரண்டும் நைட்ரேட் எஸ்டர்கள்), ஆர்டிஎக்ஸ் ஆகிய மூன்று வெடிபொருள்களையும் இந்தக் கருவி முழு மூலக்கூறாகக் காட்டும் என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள். அறை வெப்பநிலையில் ஆர்டிஎக்ஸின் ஆவி காற்றில் லட்சம் கோடியில் சில பங்குதான். பிஇடிஎன்-னும் அதைப் போலவே மிகக் குறைவு. வந்துசேரும் சொற்ப மூலக்கூறுகளும் இந்த ஒளியில் அயனியாக மறுக்கின்றன அல்லது உடைந்துபோகின்றன. 2010 அக்டோபரில் அச்சுப்பொறியின் மைப்பெட்டிகளுக்குள் பிஇடிஎன் மறைக்கப்பட்டு விமானச் சரக்காக அனுப்பப்பட்டபோது, இங்கிலாந்தின் ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையத்தில் நடந்த முதல் சோதனைகளில் அது அகப்படவில்லை. உளவுத் தகவலை நம்பி மீண்டும் தேடியதால்தான் கிடைத்தது. ஆவியே வெளிவராத பொருளை ஆவியைக் கொண்டு தேடும் எந்தக் கருவிக்கும், எங்கள் கருவி உட்பட, இந்த எல்லை உண்டு. இவற்றுக்கு நாங்கள் இன்றும் பக்கத்து அறையில் உள்ள, கலவையின் பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துத் தரும் திரவ வண்ணப்பிரிகைக் கருவியையே நாடுகிறோம். அங்கே வளிமண்டல அழுத்தத்தில் குளோரைடு அயனியை ஒட்டவைத்து எதிர்மின் முறையில் அளந்தால், ஆர்டிஎக்ஸ் 257-இலும் நைட்ரோகிளிசரின் 262-இலும் உடையாமல் வந்து நிற்கின்றன. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை நினைவில் வைத்திருக்கும் தமிழ்நாட்டு வேதியியலாளர் எவரும், ஆர்டிஎக்ஸைச் சரியாகக் காட்டாத ஒரு கருவியை மட்டும் நம்பி ஆய்வுக்கூடம் அமைக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

நிறை எண்களின் தற்செயல் ஒற்றுமை இன்னொரு சிக்கல். டிஎன்டி-யும் நைட்ரோகிளிசரினும் 227. ஆர்டிஎக்ஸும் அசிட்டோன் பெராக்சைடு வகை வெடிபொருளான டிஏடிபி-யும் (TATP) 222. தசம இடங்களில் பார்த்தால் ஆர்டிஎக்ஸ் 222.035, டிஏடிபி 222.110, இவற்றைத் தனித்தனிக் கோடுகளாகக் காண ஏறத்தாழ 3000 பிரிதிறன் (நிறையை நிறை வேறுபாட்டால் வகுத்துக் கிடைக்கும் எண்) வேண்டும். டிஎன்டி 227.018, நைட்ரோகிளிசரின் 227.003, இந்த இணைக்குத் தேவை 15000-ஐ ஒட்டியது. எங்கள் கருவியின் பிரிதிறன் 2000-ஐத் தாண்டுவதில்லை. நைட்ரோகிளிசரின் இந்த ஒளியில் முழுதாக வருவதே இல்லை என்பதால் நடைமுறையில் இரண்டாவது இணை தொல்லை தரவில்லை, ஆனால் அதைக் கருவியின் திறமையாகக் கணக்கில் எழுத முடியாது. இதய நோயாளிகள் நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரையிலும் நைட்ரோகிளிசரின்தான் இருக்கிறது என்பதால், ஒரு நிறை எண்ணைக் கண்டவுடன் ஒருவரைச் சந்தேகிப்பது எவ்வளவு பெரிய பிழையாக முடியும் என்பதை எங்கள் மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த எச்சரிக்கையை எங்களுக்கே கற்றுத்தந்தது ஓர் அட்டைப்பெட்டி. பயிற்சிக்காகப் பல பொருள்களின் மேற்பரப்பைத் துடைத்தெடுத்த பருத்தித் துணிகளை அளந்துகொண்டிருந்தபோது, வெடிபொருளோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு அச்சிட்ட அட்டைப்பெட்டியின் துணியில் 182 உயர்ந்து நின்றது. மென்பொருள் சிவப்பு எழுத்தில் டைநைட்ரோடொலுயீன் என்று அறிவித்தது. துணி மாசுபட்டதோ என்று மூன்று முறை மாற்றி எடுத்தும் முடிவு மாறவில்லை. ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நேரத்தில் வெளிவரும் வாயு வண்ணப்பிரிகைக் குழலின் வழியே அனுப்பிப் பார்த்தபோது, டைநைட்ரோடொலுயீன் வெளிவரும் நேரத்தில் எதுவும் வராமல் வேறொரு நேரத்தில் அது வந்தது, அது பென்சோஃபீனோன். புற ஊதா ஒளியில் உலரும் அச்சு மைகளில் சேர்க்கப்படும் பொருள், அட்டையிலிருந்து கசியக்கூடியது, அதன் நிறையும் 182. இவ்விரண்டையும் நிறையளவில் மட்டும் பிரிக்க 4500 பிரிதிறன் வேண்டும். 118 நானோமீட்டர் ஒளி காற்றின் வாயுக்களைத் தொடாது என்று முன்னர் பாராட்டினேன். ஆனால் அது கரிமப் பொருள்களில் நண்பன் பகைவன் பார்ப்பதில்லை. எஞ்சின் புகை, வாசனைத் திரவியம், தோலின் எண்ணெய், அச்சு மை எல்லாமே அயனியாகும். எனவே முன்னால் ஒரு குறுகிய வண்ணப்பிரிகைக் குழல் இல்லாமல் இந்தக் கருவியை வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அது கூடுதல் விலை, ஒவ்வொரு அளவீட்டுக்கும் சில நிமிடங்கள் கூடுதல் நேரம், இரண்டுக்கும் தகுதியானது.

இப்போது நுழைகுழாய்க்கு வருகிறேன். கருவி வந்த முதல் மாதத்தில் டிஎன்டி நியமக் கரைசலை, அதாவது கண்ணாடிக் குப்பியில் அசிட்டோநைட்ரைலில் கரைத்து விற்கப்படும் கரைசலை மேலும் நீர்க்கச் செய்து, முதன்முறையாகச் செலுத்தினோம். 210-உம் 227-உம் வந்தன, மகிழ்ந்தோம். அடுத்து வெறும் கரைப்பானைச் செலுத்தினோம்; அவை மீண்டும் வந்தன. வெறும் காற்றை உறிஞ்சவிட்டோம், அப்போதும் வந்தன. மாலை ஆய்வகத்தைப் பூட்டும் வரை அவை மறையவில்லை, மறுநாள் காலையிலும் நிழலாகத் தெரிந்தன. வெடிபொருள் இல்லாத மாதிரியிலும் வெடிபொருள் இருப்பதாகச் சொல்லும் கருவி, கண்டுபிடிக்கத் தவறும் கருவியைவிட ஆபத்தானது, ஏனெனில் அதன் சொல்லை நம்பி யாரோ ஒருவர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படக்கூடும். ஆகவே இது தீரும் வரை வெளி மாதிரி எதையும் ஏற்பதில்லை என்று முடிவெடுத்தோம்.

டிஎன்டி மூலக்கூறு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. துருப்பிடிக்காத எஃகின் மேற்பரப்பில் படிந்தால் எளிதில் விடாது. குழாயில் எங்காவது வெப்பம் குறைந்த இடம் இருந்தால் அங்கே குவிந்து, பின்னர் சிறிது சிறிதாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். தயாரிப்பாளர் தந்த குழாய் அரை மீட்டருக்கு மேல் நீளம், உட்புறம் வெறும் எஃகு, நடுவே ஒரு வால்வு. குழாய்க்கு வெப்பப் பட்டை சுற்றியிருந்தது. வால்வின் இரு பக்கத் திருகு இணைப்புகளுக்கு மட்டும் சுற்றப்படவில்லை. கட்டுப்பாட்டுத் திரை 180 டிகிரி என்று காட்டிக்கொண்டிருந்தபோது, எங்கள் மூத்த தொழில்நுட்பர் அம்மையார் தனி வெப்ப உணரியை அந்த இணைப்பின் மேல் வைத்து அளந்தார். திரை சொன்னதில் பாதியைக்கூட அது எட்டவில்லை. பல மாதத் தொல்லையின் காரணம் கட்டைவிரல் அளவுள்ள அந்த இரண்டு திருகுகள்தான்.

இதைத் தீர்க்க நாங்கள் செய்தவற்றை விரிவாகச் சொல்வது வாங்குவோருக்குப் பயன்படும். குழாயின் நீளத்தை மூன்றில் ஒன்றாகக் குறைத்தோம். உட்சுவரில் சிலிக்கா பூசி வினையற்றதாக்கிய எஃகுக் குழாயைத் தருவித்து மாற்றினோம். வால்வை வெப்பப் பகுதிக்குள்ளேயே அடக்கும் சிறு அலுமினியப் பெட்டியொன்றைப் பட்டறையில் செய்வித்து, முழு வழியும் ஒரே வெப்பத்தில் நிற்கும்படி அமைத்தோம். அதன் பிறகு டிஎன்டி-யின் நிழல் மறைய ஒரு மணி நேரத்துக்குள் ஆயிற்று. ஆனால் வெப்பத்தை ஏற்றிக்கொண்டே போகலாம் என்று எண்ணிவிடக் கூடாது. பிஇடிஎன் 141 டிகிரியில் உருகி, அதற்கு மேல் சூடான உலோகத்தைத் தொட்டுச் செல்லும்போது சிதையத் தொடங்குகிறது. டிஎன்டி-க்கு ஏற்ற வெப்பம் பிஇடிஎன்-னுக்குக் கேடு. பிஇடிஎன்-னுக்கு ஏற்ற வெப்பத்தில் டிஎன்டி ஒட்டிக்கொள்கிறது. ஒரே வெப்பநிலையில் எல்லா வெடிபொருள்களையும் பார்க்கலாம் என்று விளம்பரம் சொன்னால் நம்பவேண்டாம். நாங்கள் ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு வெப்பநிலைகளில் இரண்டு முறை ஓட்டுகிறோம்.

சிதைவு குழாயில் நடக்கிறதா, லேசரில் நடக்கிறதா என்று பிரித்தறிய எங்களுக்குக் கிடைத்த எளிய வழியையும் எழுதிவைக்கிறேன். நைட்ரோ சேர்மங்கள் சிதைந்தால் நைட்ரிக் ஆக்சைடு வெளிவரும்; அதன் நிறை 30, அதன் அயனியாக்க ஆற்றல் 9.26 எலக்ட்ரான் வோல்ட் என்பதால் 118 ஒளியில் நன்றாகத் தெரியும். 30 வழக்கத்தைவிட உயர்ந்தால், செனான் கலத்தை வெற்றிடமாக்கிவிட்டு அளந்து பாருங்கள். அப்போது 118 ஒளி இல்லை, 355 மட்டுமே உண்டு. அந்நிலையிலும் 30 நீடித்தால் கசிந்த 355 ஒளிதான் மூலக்கூறுகளை உடைக்கிறது, வில்லையைச் சீரமைக்கவேண்டும். செனானை அகற்றியதும் 30 மறைந்துவிட்டால், நைட்ரிக் ஆக்சைடு ஏற்கெனவே வாயுவாகவே உள்ளே வந்திருக்க வாய்ப்பு மிகுதி, குழாயின் வெப்பத்தைக் குறைத்துப் பார்க்கவேண்டும். கையேட்டில் இந்தச் சோதனை இல்லை, இருந்திருக்கவேண்டும்.

இந்த வகையைத் தவிர்த்து, மிகமிகக் குறுகிய துடிப்புகளைத் தரும் ஃபெம்டோநொடி லேசர் கொண்ட கருவியை வாங்கலாமா என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். நானோநொடி அளவுள்ள புற ஊதாத் துடிப்பால் நைட்ரோ மூலக்கூறைத் தாக்கினால், அடுத்த ஃபோட்டான் சேர்வதற்குள் அது உடைந்துவிடுகிறது. துடிப்பைப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் சுருக்கினால், உடையும் அவகாசத்துக்கு முன்பே அயனியாக்கி முடித்துவிடலாம். 1990-களில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் லெடிங்ஹாம், சிங்கால் குழுவினர் நைட்ரோ அரோமேட்டிக் சேர்மங்களில், அதாவது பென்சீன் வளையத்தில் நைட்ரோ தொகுதி கொண்டவற்றில், இதைக் காட்டினார்கள். பின்னர் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் இமாசாகா குழு இதை வாயு வண்ணப்பிரிகையோடு இணைத்து டிஏடிபி முதலிய வெடிபொருள்களில் முறைப்படுத்தியது. அறிவியல் நோக்கில் அதுவே மேலான வழி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அத்தகைய லேசரை நாள்தோறும் சீராக ஓட்டுவதற்கு ஒளியியல் பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே இருக்கவேண்டும். வேதியியலாளர் மட்டுமே உள்ள தடய அறிவியல் கூடத்துக்கு இப்போதைக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

விமான நிலையங்களில் பைகளைத் துடைத்துச் செருகும் அயனி நகர்வுக் கருவியோடு இதை ஒப்பிடுவது பொருத்தமற்றது, என்றாலும் கேட்பவர்கள் மிகுதி. அது சில நொடிகளில் விடை தரும், மேசையின் மூலையில் அடங்கும், காவலர் ஒருவர் சில நாள் பயிற்சியில் இயக்கலாம். ஆவியை நம்பாமல் துணியில் ஒட்டிய துகளைச் சூடாக்கி அளப்பதால் ஆர்டிஎக்ஸ், பிஇடிஎன் இரண்டுக்கும் அது இதைவிட நல்லது. அதன் குறை, பிரித்தறியும் கூர்மை போதாது என்பதே. கைக்குத் தடவும் களிம்பு, உரத்தின் நைட்ரேட் போன்றவை அதை ஏமாற்றிவிடுகின்றன. முதல் வரிசையில் அது எழுப்பும் ஐயத்தை ஆய்வகத்தில் உட்கார்ந்து தீர்த்துவைக்கும் இரண்டாவது வரிசைக் கருவியாகத்தான் எங்களுடையதைக் காணவேண்டும். பயணிகள் வரிசையின் தலைமாட்டில் நிறுத்துவதற்கு இது உருவாக்கப்படவில்லை.

செலவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லேசரின் ஒளிவிளக்கு 3 கோடித் துடிப்புகள் உழைக்கும் என்று கொண்டால், நொடிக்கு 10 துடிப்பு, நாளுக்கு 8 மணி நேரம் என்ற கணக்கில் ஏறத்தாழ 104 வேலை நாள்களுக்கு ஒரு முறை மாற்றவேண்டும். ஃபுளோரைடுச் சாளரங்கள் காலப்போக்கில் மங்குகின்றன. செனான் கலத்தில் அடைத்துவைத்தே பயன்படுவதால் செலவாகும் அளவு சிறிது, எனினும் 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியபின் விலை ஏறியதை நாங்களும் உணர்ந்தோம். ஓர் உருளையைக் கையிருப்பில் வைத்துக்கொள்வது நல்லது. லேசர் மிக உயர்ந்த ஆபத்து வகையான நான்காம் வகுப்பைச் சேர்ந்தது, 355 ஒளி கண்ணுக்குத் தெரியாதது. எனவே கதவோடு இணைந்த தானியங்கித் துண்டிப்பும் அலைநீளத்துக்கு ஏற்ற கண்ணாடிகளும் இல்லாமல் இயக்கக் கூடாது.

மென்பொருளில் எனக்குள்ள குறை ஒன்றுதான், ஆனால் பெரியது. அது ஒரே ஒரு நிறை எண்ணைக் கண்டவுடன் வெடிபொருளின் பெயரைச் சிவப்பில் எழுதிவிடுகிறது. குறைந்தது இரண்டு அயனிகளும் வண்ணப்பிரிகை நேரமும் ஒத்துவந்தால் மட்டுமே பெயரைச் சொல்லும்படி நிபந்தனை வைக்கவேண்டும் என்று எழுதிக் கேட்டோம். பதில் வர நெடுநாள் ஆனது, வந்த திருத்தமும் பாதிதான். பழுதுபார்ப்புச் சேவையில் வரும் பொறியாளர்கள் லேசரை நன்கு அறிந்தவர்கள், பொறுமையானவர்கள். ஆனால் நுழைகுழாயின் வேதியியலைப் பற்றிக் கேட்டால் அவர்களிடம் விடை இல்லை.

வெடிபொருளின் அடையாளப் பொருள்களையும் நைட்ரோ அரோமேட்டிக் சேர்மங்களையும் முதன்மையாக ஆராயும் கூடங்களுக்கு, வண்ணப்பிரிகைக் குழலோடு சேர்த்து இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன். வெடிப்புக்குப் பிந்தைய எச்சங்களில் ஆர்டிஎக்ஸும் பிஇடிஎன்-னும் தேடுவதே முதல் வேலை என்றால், அந்தப் பணத்தில் நல்ல திரவ வண்ணப்பிரிகைக் கருவியை வாங்குங்கள். இரண்டில் எதுவானாலும், செய்துகாட்ட வரும் விற்பனைப் பிரதிநிதியிடம் கண்டறியும் வரம்பை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். உங்கள் சொந்த டிஎன்டி நியமக் கரைசலை உங்கள் கையால் ஒரு முறை செலுத்துங்கள். உடனே வெறும் கரைப்பானைச் செலுத்தத் தொடங்கி, 227 முற்றிலும் மறையும் வரை எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை ஒப்பந்தத்தில் எழுதித்தரச் சம்மதிக்கும் நிறுவனத்திடம் வாங்குங்கள்.